பிடரிக்கு எட்டாத கை

பார்லரில் செய்துகொள்ளும் ப்ளோ ட்ரையை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா என்று கேட்டால், சந்தை எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்கிறது: இன்னும் நல்ல டிரையராகப் பார்த்து வாங்குங்கள். கூடுதல் வாட், அயனி உமிழும் முனை, காற்றும் பிரஷ்ஷும் ஒன்றாகச் சேர்ந்த குழல் என்று புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. வாங்கியவர்களில் பலர் சில வாரம் முயன்றுவிட்டு அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கல்யாணம், விசேஷம் என்றால் மறுபடி பார்லருக்கே போகிறார்கள். இந்த ஏமாற்றத்துக்குக் கருவியின் குறை காரணமென்று நான் நினைக்கவில்லை. ப்ளோ ட்ரை எப்படிப் பிறந்தது என்பதையும், ஈர முடி உலரும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. பார்லரில் நாம் காசு கொடுத்துப் பெறுவது, நம் தலையை வெளியிலிருந்து பார்க்கும் இன்னொருவரின் கண்ணையும், நம் பிடரிக்குத் தடையில்லாமல் எட்டும் இன்னொருவரின் இரு கைகளையும்தான். அவற்றை வீட்டுக்குள் கொண்டுவர முடியும். ஆனால், அதற்கான வழி கடையில் விற்பனைக்கு இல்லை.

கையில் பிடிக்கும் டிரையர் பார்லருக்காக உருவாகிப் பிறகு வீட்டுக்கு வந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். நடந்தது ஏறக்குறைய தலைகீழ். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுச் சிகையலங்காரர் அலெக்சாந்தர் கோத்ஃப்ருவா தன் கடைக்காக அமைத்த உலர்த்தி, உட்கார்ந்திருப்பவரின் தலையை மூடி வெங்காற்றைச் செலுத்தும் பெரிய இயந்திரம். பார்லர்கள் அந்த வழியிலேயே நெடுங்காலம் நடந்தன. 1920களில் விற்பனைக்கு வந்த கை டிரையர் கனமாக இருந்தது, காற்றும் மெலிவு. அதை வீட்டுச் சாமானாகத்தான் கருதினார்கள். 1950களின் லண்டன் பார்லரில், ஈர முடியை உருளைகளில் சுற்றி, வலை கட்டி, தலையை வெங்காற்று ஊதும் கவிகைக்குள் வைத்து நீண்ட நேரம் உட்கார வைப்பார்கள். பிறகு உருளைகளைக் கழற்றி, உயர்த்தி வாரி, ஸ்பிரே அடித்து இறுக்குவார்கள். அடுத்த முறை பார்லருக்கு வரும்வரை அந்தத் தலையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையை உடைத்தவர் ரோஸ் எவான்ஸ்கி. 1922இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன், யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி உயிர்காத்த மீட்புப் பயணத்தில் வந்து சேர்ந்தவர். கணவருடன் லண்டன் மேஃபேரில் பார்லர் நடத்திவந்தார். 1962இல் புரூக் தெரு வழியே போகையில், முடிதிருத்தகம் ஒன்றில் ஓர் ஆணின் முன்முடியைக் கை டிரையராலும் பிரஷ்ஷாலும் உலர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதையே பெண்களுக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது. தன் வாடிக்கையாளர் ஒருவரின் சுருண்ட முடியில் செய்து பார்த்தார். உருளையும் கவிகையும் இல்லாமல் முடி மென்மையாக வளைந்து விழுந்தது. அப்போது அங்கே வந்த வோக் இதழின் கிளேர் ரெண்டில்ஷாம் அதைப் பார்த்து வியந்தார். செய்தி பத்திரிகை உலகில் பரவியது. எவான்ஸ்கி புதிதாக எந்தக் கருவியையும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். டிரையரும் பிரஷ்ஷும் முன்பே இருந்தன. அவர் மாற்றியது வேலையின் அமைப்பை. கவிகைக்குள் ஒருவரை உட்கார வைத்துவிட்டால் இயந்திரம் தன் பாட்டுக்கு உலர்த்தும். தொழிலாளி அடுத்தவரைக் கவனிக்கப் போகலாம். ப்ளோ ட்ரையில் அது நடக்காது. ஒரு கையில் காற்று, மறு கையில் பிரஷ், கண் முழுக்க ஒரே தலையில். இயந்திரம் சிறுத்தது, மனித உழைப்பு பெருகியது.

இதற்குப் பின்னாளில் கிடைத்த சான்று இன்னும் வலுவானது. 2010இல் லாஸ் ஏஞ்சல்ஸின் பிரென்ட்வுட் பகுதியில் ஆலி வெப் என்ற சிகையலங்காரர் டிரைபார் என்ற கடையைத் தொடங்கினார். அங்கே முடி வெட்டுவதில்லை, சாயம் பூசுவதில்லை. ப்ளோ ட்ரை மட்டும்தான். ஹேர் டிரையர் அமெரிக்க வீடுகளில் சாதாரணப் பொருளாகிப் பல பத்தாண்டுகள் ஆனபிறகு தொடங்கிய கடை அது. இருந்தும் ஊர் ஊராகக் கிளை பரப்பியது. வீட்டிலேயே டிரையர் வைத்திருப்பவர்கள் டிரையரால் மட்டுமே நடக்கும் ஒரு வேலைக்காக வெளியே போய்ப் பணம் கொடுத்தார்கள் என்றால், அவர்கள் வாங்கியது டிரையரின் காற்றை அல்ல என்பது தெளிவு.

அந்தக் கைகள் அப்படி என்ன செய்கின்றன? முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் வடிவத்தை முக்கியமாக இருவகைப் பிணைப்புகள் காக்கின்றன. கந்தகப் பிணைப்புகள் உறுதியானவை. தண்ணீருக்கும் டிரையரின் சூட்டுக்கும் அசையாதவை. நிரந்தரமாகச் சுருட்டவோ நேராக்கவோ பயன்படும் ரசாயனங்கள் இவற்றைத்தான் குறிவைக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்புகள் வலுவில் சிறியவை, எண்ணிக்கையில் மிகப் பல. தண்ணீர் உள்ளே புகுந்ததும் இவை விலகுகின்றன. தண்ணீர் வெளியேறியதும் மறுபடி பிணைகின்றன. நன்றாக நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சிப் பருக்கிறது, இளகுகிறது, இழுத்தால் நீள்கிறது. இந்த இளக்கத்தை 1930களிலேயே இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தார். கம்பளி ஆலைகளுக்குப் பயன்படும் அறிவைத் தேடியவர், ஈரத்தில் இழுக்கப்பட்ட இழைக்குள் புரதத்தின் அமைப்பே மாறுவதைக் கண்டார். ப்ளோ ட்ரைக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது: இழை எந்த நிலையில் ஈரத்தை இழக்கிறதோ அந்த நிலையில் நிற்கும், மறுபடி ஈரம் படும்வரை. வளைத்துப் பிடித்திருக்கையில் உலர்ந்தால் வளைவு, இழுத்துப் பிடித்திருக்கையில் உலர்ந்தால் நேர். யாரும் பிடிக்காமல் உலர்ந்தால் அதன் இயல்பான போக்கு.

ஆகவே முழு உலர்த்தலும் ஒரே மாதிரி முக்கியமானதல்ல. தலை சொட்டச் சொட்ட இருக்கும்போது டிரையர் தரும் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஆவியாகும் நீர் இழையைக் குளிர்வித்துக்கொண்டும் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் பிரஷ்ஷைச் சுற்றிப் பாடுபட்டாலும் வடிவம் நிற்காது. உலர்ந்தும் உலராத கடைசிக் கட்டத்தில்தான் ஹைட்ரஜன் பிணைப்புகள் மறுபடி கூடுகின்றன. அதே கட்டத்தில்தான் குளிர்விக்க நீர் குறைந்து இழையின் சூடும் ஏறுகிறது. பலனும் ஆபத்தும் ஒரே சில நிமிடங்களில் வந்து சேர்கின்றன. கைதேர்ந்தவர்களின் வேலைமுறை முழுக்க இந்த நிமிடங்களுக்கான ஏற்பாடு. துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி ஈரத்தை எடுக்கிறார்கள். நுனியிலிருந்து சிக்கெடுக்கிறார்கள். பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்பே, விரலால் கோதிக் கோதி முக்கால் பங்குக்கும் மேல் உலர்த்திவிடுகிறார்கள். பிறகு முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கிளிப் போட்டு, ஒரு நேரத்தில் பிரஷ்ஷின் அகலத்துக்கு மேற்படாத ஒரு கற்றையை மட்டும் எடுக்கிறார்கள். குறுகிய நாசிலைப் பொருத்தி, வேரிலிருந்து நுனி நோக்கிக் காற்றைச் செலுத்துகிறார்கள். முடியின் மேற்செதில்கள் அந்தத் திசையில்தான் படிந்திருக்கின்றன, எதிர்த்து ஊதினால் சிலிர்த்துக்கொள்ளும். கற்றை உலர்ந்ததும் பிரஷ்ஷை உருவாமல், குளிர்காற்று கொடுத்து ஆறவிட்டபிறகே விடுவிக்கிறார்கள். சூட்டோடு விட்ட கற்றை தன் எடையாலேயே தொங்கி, வாங்கிய வளைவில் ஒரு பகுதியை இழந்துவிடும். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த ஆறும் நேரத்தை.

இவை ஒவ்வொன்றும் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியவைதான். சிக்கல், இவற்றைத் தன் தலையில் தானே செய்வதில் இருக்கிறது. கற்றை சீரான இழுப்பில் இருக்க வேண்டும், காற்று சரியான கோணத்தில் விழ வேண்டும், எந்தக் கற்றை எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்று கண்ணுக்கும் விரலுக்கும் தெரிய வேண்டும். நெற்றிப் பக்கத்திலும் காதோரத்திலும் இது நடக்கும். உச்சிக்குப் பின்னே கை உயர்ந்து வளைந்து தளர்கிறது. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிகிறது. பிடரியில் எதுவும் தெரிவதே இல்லை. பிடரி முடியோ அடர்த்திக்குள் ஒளிந்து கடைசியாக உலர்வது. அங்கே மிஞ்சிய ஈரம் சற்று நேரத்தில் மேலே உள்ள உலர்ந்த முடிக்கும் பரவி அதன் வடிவத்தையும் குலைத்துவிடுகிறது. பார்லரில் பல கலைஞர்கள் பிடரியிலிருந்து தொடங்கி மேலே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தனியாகச் செய்பவர் கண்ணில் படும் முன்பக்கத்தில் தொடங்கி, கை ஓய்ந்தபின் பிடரிக்கு வருகிறார். அல்லது வருவதே இல்லை. வீட்டு ப்ளோ ட்ரை தோற்கும் இடம் இதுதான்.

புதிய கருவிகள் இந்தக் குறையைத்தானே தீர்க்கின்றன என்று கேட்கலாம். ஓரளவு தீர்க்கின்றன. எடை குறைந்த டிரையர் தோளைக் காக்கிறது, சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் அமைப்பு முடியைக் காக்கிறது. காற்றும் பிரஷ்ஷும் ஒன்றான கருவி ஒரு கையை விடுவிக்கிறது. நாசிலும் குளிர்காற்றுப் பொத்தானும் இல்லாத டிரையரை வாங்க வேண்டாம் என்று நானும் சொல்வேன். ஆனால் வாட் கூடக் கூட உலரும் வேகம்தான் கூடுகிறது, வடிவம் கூடுவதில்லை. நம் வீடுகளுக்கு அதில் ஒரு வரம்பும் உண்டு. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்குவது ஏறத்தாழ 1380 வாட். 2000 வாட் டிரையருக்கு, ஏசிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். அது பல வீடுகளில் குளியலறையை ஒட்டியே இருக்கும். தண்ணீர் உள்ள இடத்தில் டிரையரைக் கையாள்வது உயிருக்கே ஆபத்து. எளிய டிரையரும் பழகிய கையும் போதும் என்பது சிக்கன உபதேசம் மட்டுமல்ல. முடியின் இயற்பியலே அதைத்தான் சொல்கிறது.

சூட்டுக் காற்றே முடிக்குக் கேடு, தானாக உலர விடுவதுதான் நல்லது என்பது இன்னொரு மறுப்பு. இதைத் தென் கொரிய ஆய்வாளர்கள் சோதித்து 2011இல் அன்னல்ஸ் ஆஃப் டெர்மட்டாலஜி இதழில் வெளியிட்டார்கள். முடிக் கற்றைகளை 30 முறை கழுவி உலர்த்தினார்கள். 15 செ.மீ. தொலைவில் டிரையரின் காற்று 47 டிகிரி செல்சியஸ், 10 செ.மீ.யில் 61, 5 செ.மீ.யில் 95. சூடு ஏற ஏற மேற்செதில்களின் சேதமும் ஏறியது. மறுப்பவர்கள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் தானாக உலரவிட்ட முடியில், செல்களை ஒட்டவைக்கும் உள்ளடுக்கு பாதிக்கப்பட்டிருந்தது. டிரையரில் உலர்ந்தவற்றில் அது காணப்படவில்லை. நெடுநேரம் நீரில் ஊறிப் பருத்திருப்பதும் முடிக்குச் சுமைதான். 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, டிரையரை அசைத்துக்கொண்டே உலர்த்துவது நல்லது என்பது அவர்கள் முடிவு. இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட முடியாது. அங்கே தானாக உலர்ந்த முடிக்கு 20 டிகிரி அறையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. சித்திரை வெயிலில் நமக்கு அவ்வளவு ஆகாது. ஆனாலும் ஆய்வின் சாரம் நிற்கிறது: கேடு டிரையரில் இல்லை, தொலைவிலும் நேரத்திலும் இருக்கிறது. இரண்டையும் அளப்பது கையின் வேலை. ஈரம் மிஞ்சிய முடியில் இஸ்திரி போன்ற சூட்டுப் பட்டைகளை வைப்பது வேறு கதை. உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிக் குமிழிட்டு இழையையே முறித்துவிடும்.

மிகக் கனமான மறுப்பு அழகு பற்றியது. நேரான, வழவழப்பான கூந்தலே நாகரிகம் என்ற எண்ணத்துக்கு ப்ளோ ட்ரை சேவகம் செய்கிறது என்கிறார்கள். இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். எவான்ஸ்கியின் முதல் முயற்சியே சுருண்ட முடியை வழவழப்பாக்கியதுதான். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தங்கள் இயல்பான முடியோடு வேலைக்கும் பள்ளிக்கும் போக முடியாமல் அவதிப்பட்டதால், அந்தப் பாகுபாட்டைத் தடுக்கும் கிரௌன் சட்டம் 2019இல் கலிஃபோர்னியாவில் முதலில் வந்தது. நம் வீடுகளிலும் சுருட்டை முடிப் பெண் குழந்தையைக் கேலி செய்து வளர்க்கிறோம். ஆனால் மேலே சொன்ன விதி எந்த வடிவத்துக்கும் பக்கம் சாயாதது. இழை எந்த நிலையில் உலர்கிறதோ அந்த நிலையில் நிற்கும் என்றால், சுருளாகக் குவித்துப் பிடித்து, அகன்ற டிஃப்யூசர் வழியே மெல்லிய காற்றில் உலர்த்தினால் சுருள் நிற்கும். நேராக்குவதற்குத் தேவையான அதே அறிவு சுருளைப் போற்றவும் போதும். நேராக்கித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி சமூகத்திலிருந்து வருகிறது. அதை எதிர்ப்பவருக்கு இந்தக் கலையை விட்டுவிட வேண்டிய அவசியம் இல்லை. கற்றுக்கொண்டால், அடுத்தவர் வைத்திருக்கும் ஒரே அச்சுக்குத் தலையைக் கொடுக்காமல், தன் முடிக்கு எது பொருந்தும் என்று தானே முடிவெடுக்கலாம்.

நம் தட்பவெப்பத்தில் இது நிற்குமா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ காற்றிலேயே ஈரம். அந்த ஈரம் இழைக்குள் புகுந்து ஹைட்ரஜன் பிணைப்புகளை விலக்கும். உச்சந்தலை வியர்வை அடியிலிருந்து அதையே செய்யும். சிலிகோன் கலந்த சீரம் இதைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. கடற்கரை ஊர்களில் ப்ளோ ட்ரையை ஒரு மாலைப் பொழுதுக்கான ஒப்பனையாக வைத்துக்கொள்வதே உண்மைக்கு நெருக்கம். கோவையின் உலர் காற்றில் கூடுதல் நேரம் எதிர்பார்க்கலாம்.

இனி, அந்த இன்னொருவருக்கு வருகிறேன். தமிழ் வீடுகளில் தலை உலர்த்துவது தனியாள் வேலையாக இருந்ததில்லை. கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுவதைப் பழம்பாடல்களும் காப்பியங்களும் பேசுகின்றன. எண்ணெய்க் குளியலுக்குப் பின் சாம்பிராணிப் புகை போட்டு, கூந்தலை விரித்துப் பிடித்து, ஈரம் போகத் தட்டி, சிக்கெடுத்து, பின்னிவிடுவது அம்மாவோ அக்காவோ பாட்டியோ செய்த வேலை. பார்லர் இன்று விற்கும் அந்த இரண்டு கைகள் வீட்டில் முன்பே இருந்தன. இப்போதோ ஆளுக்கொரு குளியலறைக் கண்ணாடி முன்னால் தனித்தனியே நின்று, அந்தக் கைகள் இருந்த இடத்தில் கருவியை வைக்கப் பார்க்கிறோம். வீட்டில் பார்லர் போன்ற ப்ளோ ட்ரை வேண்டுமென்றால், இருவர் சேர்ந்து கற்றுக்கொள்வதே நேர்வழி. முன்பக்கத்தை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். உச்சிக்குப் பின்னும் பிடரியும் அடுத்தவருடையது. தனியாக வாழ்பவர் பின்முடியை நடுவில் பிரித்து இரு தோள்களுக்கும் முன்னே கொண்டுவந்து உலர்த்தலாம். வளைவு குறைந்தாலும் ஈரம் மிஞ்சாது.

பெண்களுக்கு இருக்கும் வேலை போதாதா, இதுவும் அவர்கள் தலையிலா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஏன் பெண்கள் மட்டும்? எவான்ஸ்கி இந்தக் கலையைக் கண்டெடுத்தது ஆண்களின் முடிதிருத்தகத்தில். மனைவிக்கும் மகளுக்கும் தங்கைக்கும் பிடரி உலர்த்திவிட ஆண் கற்றுக்கொள்ளத் தடையாக இருப்பது கை அல்ல. அது தன் வேலையில்லை என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்குப் பின்னால் இன்னும் பழைய அநீதி ஒன்று இருக்கிறது. அடுத்தவர் தலையைத் தொடும் தொழிலை நம் சமூகம் பிறப்போடு கட்டிவைத்து, செய்தவர்களைத் தாழ்த்தியது. இன்று பார்லர்களில் நாள் முழுக்க நின்று, கையை உயர்த்தியே வேலை செய்து, தோள்வலியும் மணிக்கட்டு வலியுமாக வீடு திரும்பும் பெண்களின் திறமையையும் கருவியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். வீட்டில் ஒரு முறை இன்னொருவர் தலையை முழுதாக உலர்த்திப் பார்த்தவருக்கு அந்தக் கணக்கின் தவறு தெரிந்துவிடும். எத்தனை கற்றைகள், ஒவ்வொன்றையும் ஆறவிட எவ்வளவு பொறுமை, காது சுடாமல் பார்க்க எவ்வளவு கவனம் என்று கை அறிந்துகொள்ளும். அதன்பின் அவர் பார்லருக்குப் போனால் கேட்ட கூலியைக் குறைத்துப் பேரம் பேச மாட்டார். வீட்டில் இந்தக் கலையைக் கற்பதால் மிச்சமாகும் பணத்தைவிட, இந்த உழைப்புக்கான மதிப்பு நம்மிடையே பரவுவதைத்தான் நான் பெரிய லாபமாக எண்ணுகிறேன்.